கல்யாண மகாலில் தண்ணீர் ஏறியது எப்படி?

திண்டிவனத்தில் திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறினால் சுமார் 28 கிலோமீட்டரில் செஞ்சி வந்துவிடும். விழுப்புரத்திலிருந்தும் போகலாம். ஊரைக் கடந்ததும் சாலையின் ஒரு பக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி. சற்றுத் தள்ளி மூன்றாவதாகச் சந்திராயன் துர்க்கம். மூன்று குன்றுகளையும் வளைத்துச் செல்லும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டை இது.

வருபவர்களில் பெரும்பாலோர் ராஜகிரி உச்சியை நோக்கியே விரைவார்கள். நீங்கள் அடிவாரத்திலேயே சிறிது நில்லுங்கள். அங்கே சதுரமான முற்றத்தின் நடுவில், கூம்பிய முடியோடு அடுக்கடுக்காக உயர்ந்து நிற்பதுதான் கல்யாண மகால். சுமார் அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சக்கரகுளத்திலிருந்து சுடுமண் குழாய் வழியாக இதன் மேல் நிலைகளுக்குத் தண்ணீர் வந்தது என்பார்கள்.

ஒருமுறை என் மாணவர்கள் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். இதைக் கேட்டதும் ஒருவன், "பம்பு இல்லாத காலத்தில் தண்ணீர் தானாக மாடி ஏறியதா? எவ்வளவு பெரிய விஞ்ஞானம்!" என்று வியந்தான். மற்றொருவன், "தண்ணீராவது தானாக ஏறுவதாவது, எல்லாம் கட்டுக்கதை" என்றான். இருவருமே அவசரப்பட்டுவிட்டார்கள்.

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் டியூப் மட்டம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை ஒரு சுவரிலும் மறு முனையை எதிர்ச் சுவரிலும் பிடிப்பார். குழாய் நடுவில் எவ்வளவு தொய்ந்து கிடந்தாலும் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஆகவே தண்ணீர் தானாக ஏறுவதுண்டு. ஆனால் புறப்பட்ட மட்டத்துக்கு மேல் ஒரு விரற்கடையும் ஏறாது. ஓடும்போது குழாயின் சுவரோடு ஏற்படும் உராய்வினால் அதைவிடச் சற்றுக் கீழேயே நின்றுவிடும்.

எனவே நாம் கேட்க வேண்டியது, எந்த நிலையில் தண்ணீர் கொட்டியதோ அதைவிட மூல நீரின் மட்டம் உயரமா என்பதே. உயரம் என்றால் குழாய் மட்டுமே போதும். தாழ்வு என்றால் ஏற்றமோ கவலையோ கொண்டு, ஆளோ மாடோ உழைத்து, முதலில் உயரமான ஒரு தொட்டிக்கு நீரை ஏற்றியாக வேண்டும். அந்த வேலையை எந்தக் குழாயும் இலவசமாகச் செய்யாது!

குழாய்க்கும் ஒரு தொல்லை உண்டு. 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் எடை அழுத்தத்தைத் தரும். 15 மீட்டர் ஏற்றுவதாக வைத்துக்கொண்டால் அடிக்குழாயில் அழுத்தம் ஒன்றரைக் கிலோகிராம். 10 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயில் 10 செ.மீ. நீளத் துண்டை நெடுக்கில் இரண்டாகப் பிளக்க முயலும் விசை 150 கிலோகிராம் எடைக்குச் சமம். சுட்ட மண் நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. சுண்ணாம்புக் காரையில் பதித்துச் சுற்றிலும் கட்டுமானம் கொடுத்தால்தான் அது பிழைக்கும்.

இதே தொல்லைதான் ரோமானியர்களையும் வாட்டியது. தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும் என்பது தெரியாததால்தான் அவர்கள் பெரும் வளைவுப் பாலங்கள் கட்டினார்கள் என்று சில பழைய நூல்களில் காணலாம். அது தவறு. பிரான்சின் லியோன் நகருக்கு நீர் கொண்டுசென்றபோது, ஈயக் குழாய்கள் மூலம் பள்ளத்தில் இறக்கி எதிர்மேட்டில் ஏற்றியவர்கள் அவர்களே. ஆனால் ஈயம் விலை அதிகம், இணைப்புகளிலும் கசியும். நீம் நகரக் கால்வாய்க்காக 49 மீட்டர் உயரத்தில் போன் து கார் பாலத்தைக் கட்டியதால், தண்ணீர் அழுத்தமின்றித் திறந்த வாய்க்காலில்போல் ஓடியது. அந்தக் கால்வாய் முழுவதும் 50 கிலோமீட்டர். மொத்த இறக்கமோ 12.6 மீட்டர்தான். கிலோமீட்டருக்கு 25 செ.மீ.! நம்மூர் வயல் வாய்க்கால் வெட்டுகிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் தொலைவிலிருந்து வரும் தண்ணீரில் ஓர் ஆபத்து இருக்கிறது. கி.பி. 537இல் ரோமை முற்றுகையிட்ட கோத்தியர்கள் நீர்ப்பாலங்களைத் துண்டித்தார்கள். குடிநீருக்குக் கிணறும் ஆறும் இருந்தன. மாவு அரைத்த நீராலைகள்தாம் நின்றுபோயின. தளபதி பெலிசாரியஸ், டைபர் ஆற்றில் படகுகளை நிறுத்தி, ஆற்றோட்டத்தால் ஆலைகளை ஓட்டினார். செஞ்சியை 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டபோது இத்தகைய கால்வாய் எதையும் துண்டிக்க வழியில்லை; சக்கரகுளமும் ராஜகிரியின் மேலுள்ள சுனையும் கோட்டை எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. கோட்டை விழத்தான் விழுந்தது. ஆனால் எட்டு ஆண்டுகள் ஆயின.

அடுத்த முறை செல்லும்போது, ஒளி ஊடுருவும் தட்டையான புட்டி ஒன்றில் பாதியளவு தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். குளத்து நீர் விளிம்பிலிருந்து உங்கள் கண் எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புட்டியைக் கண்ணெதிரே பிடித்து, நீர்ப்பரப்பு ஒரே கோடாகத் தெரியும்படி அதன் வழியே மகாலைப் பாருங்கள். மரமோ சுவரோ மறைத்தால் இடையில் ஒரு கம்பு நட்டு, அதில் மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து தொடரலாம். நில அளவையாளர் செய்வதும் அதுதான். பூமியின் வளைவைப் பற்றிக் கவலை வேண்டாம். அரைக் கிலோமீட்டருக்கு அது 2 செ.மீ. மட்டுமே. பார்வைக் கோடு மகாலைத் தொடும் இடத்திலிருந்து உங்கள் கண்ணுயரத்தைக் கழித்துவிட்டு, அது எத்தனையாவது நிலை என்று எண்ணிப் பாருங்கள்.