முப்பது நாளில் பத்துக் கிலோ: கொஞ்சம் கணக்குப் போடுவோம்

எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். '30 நாளில் 10 கிலோ எடை குறைய அழையுங்கள்.' முன்பெல்லாம் அந்த இடத்தில் உரக்கடை விளம்பரம்தான் இருக்கும். இப்போது இந்தச் சரக்கும் கிராமத்துக்கு வந்துவிட்டது. நம்முடைய மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்களிலேயே மூன்று நான்கு பேர் பவுடர் டப்பா வாங்கிக் கரைத்துக் குடிக்கிறார்கள். வீட்டில் மாப்பிள்ளைச் சம்பா குதிரில் கிடக்கிறது, ஐயா காலையில் டப்பாவைத் திறக்கிறார்!

உழவனுக்கு எங்கே தொப்பை வரும் என்று யாராவது கேட்டால், தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். உழவுக்கு டிராக்டர், வயலுக்குப் போக பைக், மோட்டாரைப் போடக் கைபேசி என்று ஆன பிறகு நாம மட்டும் எப்படித் தப்புவோம்?

வங்கியில் காலம் பூரா வேலை பார்த்த பழக்கம், எந்தத் திட்டத்தைக் காட்டினாலும் கை முதலில் கால்குலேட்டரைத்தான் தேடும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. பத்துக் கிலோவுக்கு 77,000. முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 2,566 கலோரி பற்றாக்குறை வேண்டும். மிதமாக வேலை செய்யும் நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு நாளின் மொத்தச் செலவே 2,000 முதல் 2,500 வரைதான். அதாவது முப்பது நாளும் பச்சைத் தண்ணீரை மட்டும் குடித்துப் படுத்துக் கிடந்தாலும் பத்துக் கிலோ கொழுப்பு கரையாது. கணக்கே இடிக்கிறது.

'அப்போ சிலருக்கு முதல் வாரத்திலேயே ரெண்டு மூணு கிலோ இறங்குதே?' இறங்கும். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற பெயரில் சேர்த்து வைக்கிறது. அது அரைக் கிலோ வரை இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றை நிறுத்தியதும் முதலில் காலியாவது இந்தக் கையிருப்புதான். ஈர நெல்லைக் களத்தில் ரெண்டு நாள் காயப்போட்டால் மூட்டை எடை குறைகிறதே, அந்த மாதிரிக் குறைவு இது. மறுபடி இட்லி சாப்பிட்ட அன்றே தண்ணீரும் திரும்ப ஏறும்.

தண்ணீர் போனால் பரவாயில்லை. பட்டினியோடு வேகமாக இறங்கும்போது கொழுப்புடன் தசையும் சேர்ந்து கரைகிறது. ஐம்பது வயதுக்கு மேல் தசை தானாகவே குறைந்துகொண்டு வரும். மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு அதுதான் முதல். போதாக்குறைக்கு, வேகமாக எடை குறைகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேரும் அபாயமும் கூடுகிறது.

எங்கள் குழுவில் ஒரு நண்பர், வயது ஐம்பத்திரண்டு. மூன்று ஏக்கரில் நெல்லும் உளுந்தும். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர். காலையும் இரவும் பவுடர் கரைசல், மதியம் மட்டும் கையளவு சோறு என்று ஆரம்பித்து ஆறு வாரத்தில் 8 கிலோ குறைந்தார். சாப்பாடு பாதியானது, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் பதினோரு மணி வெயிலில் வரப்பில் நின்றவர், உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். நினைவு தப்பவில்லை. பக்கத்து வயலில் களையெடுத்த அம்மா புத்திசாலி, தூக்குவாளியில் இருந்த இனிப்புக் காபியைக் குடிக்க வைத்தார். சர்க்கரை தாழ்ந்துபோனதுதான் காரணம். அன்று அவர் மோட்டார் கொட்டகையில் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பவுடரை நிறுத்தினார். எட்டே மாதத்தில் போன 8 கிலோவும் வந்து, மேலே 2 கிலோ வட்டியும் சேர்ந்தது. 'மனசுல உறுதி இல்ல சார் எனக்கு' என்றார். இந்தப் பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்காவில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று ஒரு தொலைக்காட்சிப் போட்டி. யார் அதிக எடை குறைப்பது என்று பந்தயம். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளர் குழுவினர் பரிசோதித்து 2016இல் வெளியிட்டார்கள். 13 பேருக்கு எடை திரும்பியிருந்தது. நாலு பேர் போட்டிக்கு முன்பிருந்ததைவிடவும் கூடியிருந்தார்கள். ஓய்வில் இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தி, அவர்கள் உடல் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு சுமார் 500 கலோரி குறைந்தே இருந்தது. ஆறு வருடம் ஆகியும்! வறட்சியில் பயிர் இலையைச் சுருட்டிக்கொள்வது போல, பஞ்சம் வந்ததாக நினைத்து உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்கிறது. பசியையும் தூண்டிவிடுகிறது. இதில் நண்பரின் மன உறுதியைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

சரி, மெதுவாகக் குறைத்தால் மட்டும் நிலைக்குமா? நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் 200 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 12 வாரம், இன்னொன்றுக்கு 36 வாரம் கொடுத்து எடையைக் குறைக்க வைத்தார்கள். 2014இல் வந்த முடிவு நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கசப்பானது. மூன்று வருடத்தில் இரு தரப்பிலும் குறைந்த எடையில் 70 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிட்டது. பிரிட்டனில் இன்னொரு ஆய்வு: நாளுக்கு சுமார் 850 கலோரி மட்டும், மூன்று முதல் ஐந்து மாதம். ஆனால் சர்க்கரை மாத்திரையை முதல் நாளே நிறுத்தி, தொடர்ந்து கண்காணித்து, பிறகு படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திருப்பினார்கள். ஒரு வருட முடிவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இரண்டாம் வருடம் அது 36 சதவீதமானது.

ஆகவே வேகம் என்றாலே விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். குறைத்த பிறகு அந்த ஆள் எந்தச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறார் என்பதுதான் விஷயம். பவுடர் விற்கிறவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எடை திரும்பினால்தானே அடுத்த டப்பா போகும்? ரசாயனத்திலிருந்து மாறும் நிலத்துக்கு, ஆண்டுப் பயிர் என்றாலே இரண்டு வருடம் கழித்துத்தான் அங்ககச் சான்று தருகிறார்கள். நிலத்துக்குக் கொடுக்கிற அவகாசத்தை உடம்புக்கும் கொடுக்கலாமே.

நம் ஆட்களுக்கும் ஒரு சேதி. சிறுதானியம் சாப்பிட்டால் இளைத்துவிடலாம் என்று சந்தையில் நாமே சொல்லி விற்கிறோம். சமைக்காத சாமையிலும் வரகிலும் 100 கிராமுக்கு இருக்கும் கலோரி, அரிசியில் இருப்பதற்கு ஏறக்குறைய சமம்தான். நார்ச்சத்து அதிகம், மெதுவாகச் செரிக்கும், சீக்கிரம் வயிறு நிறையும். அந்த நிறைவில் கை நின்றால்தான் லாபம். வரகுச் சோற்றையும் குவித்து வைத்துக் குழம்பு ஊற்றினால் அதுவும் குவியல்தான். கொள்ளும் அப்படியே. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது நல்ல பழமொழி. ஆனால் கொள்ளு தானாகப் போய்க் கொழுப்பைக் கரைக்காது. புரதமும் நாரும் பசியைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த ஆய்வு நம்ம சென்னையில் நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சுமார் இரண்டரை வருடம் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்டார்கள். நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டும் கடைப்பிடித்த பிரிவில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை! எடை மெஷின் முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் இந்த லாபம் கண்ணில் படாது.

அதனால் எங்கள் குழுவில் இடுப்பைத்தான் அளக்கிறோம். நம் உடல்வாகுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் எச்சரிக்கை. டேப் இல்லாவிட்டால் அரைஞாண் கயிறு இருக்கவே இருக்கிறது. அது பொய் சொல்லாது.

எங்கள் வீட்டில் செய்தது ரொம்பச் சாதாரணம். நாளுக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் அதுவே 150 கலோரிக்கு மேல். டீ இரண்டானது, சர்க்கரை போனது. தட்டில் கீரையும் காயும் முதலில், சோறு பிறகு. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள். கஷ்டமானது எது தெரியுமா? விருந்துக்குப் போன வீட்டில் 'இன்னும் ஒரு கரண்டி' என்று வருகிற அன்பைத் தடுப்பதுதான். பதினான்கு மாதத்தில் எனக்கு 6 கிலோ குறைந்தது. நோட்டீசில் போட்டால் ஒருத்தரும் போன் பண்ண மாட்டார்கள்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரைப் பார்த்து மருந்து அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதேதான். நண்பர் இப்போது அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறார். வயலுக்கு பைக்கை விட்டுவிட்டு நடந்து வருகிறார். ஐந்து மாதத்தில் 3 கிலோ, இடுப்பில் 4 சென்டிமீட்டர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு கருப்பட்டி.