கடலுக்கு அப்பால் நடந்த மறைவுப் போர்



சாய்ந்தமருதுக் கடற்கரையில் வைகறைப் பொழுதில் நின்று கிழக்கே நோக்குவோர்க்குத் தொழிலுக்குச் சென்ற தோணிகளையன்றி வேறொன்றும் தென்படுவதில்லை. அந்தப் பெருநீர்ப் பரப்பின் மறுகரையில் மலாயா நாடு கிடக்கின்றது. இரண்டாம் உலகப் போரின்போது சில மனிதர் இருளில் மறைந்து இக்கடலைக் கடந்தனர். பகைவர் ஆளும் நாட்டில் ஒளிந்திருந்து வேவு பார்ப்பதும், இருப்புப் பாதைகளைத் தகர்ப்பதும், போராடத் துணிந்த உள்ளூர் மக்களுக்குப் படைக்கலம் சேர்ப்பதும் அவர்கள் மேற்கொண்ட பணி. அப்பணி எவ்வாறு நடைபெற்றது, அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதை இன்று நோக்குவோம்.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 5 இல் கொழும்பின் மீதும், 9 இல் திருகோணமலையின் மீதும் குண்டுகள் விழுந்தன. அதே 9 ஆம் நாள் 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. போர் நமது கிழக்குக் கரையை இவ்வாறு தொட்டது. இழந்த நாடுகளை மீட்பதற்கு இலங்கை ஒரு தளமாயிற்று. பகைவர் நாட்டிலே நாசவேலை செய்வதற்கெனப் பிரித்தானியர் 1940 இல் ஓர் இரகசிய அமைப்பை உருவாக்கியிருந்தனர். அதன் கீழைத்தேயப் பிரிவு 1944 முதல் '136 ஆம் படை' எனப் பெயர் பெற்றது. அதன் தலைமையகமும் பின்னர் கண்டிக்கு வந்து சேர்ந்தது.

நாசவேலை என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது வெடித்துச் சிதறும் புகைவண்டியே. அத்தகைய செயல்களும் நடந்ததுண்டு. 1942 இன் தொடக்கத்தில் ஸ்பென்சர் சாப்மன் என்னும் ஆங்கிலேயர், இரு தோழர்களுடன் மலாயாக் காட்டிலிருந்து வெளிப்பட்டு, ஏறத்தாழ இரண்டு வாரம் இரவுதோறும் தண்டவாளங்களில் வெடிமருந்து வைத்தார். ஆயின் கையிலிருந்த வெடிமருந்து தீர்ந்ததும் அந்த வேகமும் தீர்ந்தது. 1945 மே மாதத்தில் நீர்மூழ்கிக் கப்பலேறித் தப்பும் வரை அவர் காட்டிலேயே காலங்கழித்தார். நோயினின்றும் பசியினின்றும் அவரைக் காத்தவர்கள் அந்நாட்டு மக்களே. மறைவுப் போரின் பெரும்பகுதி காத்திருத்தலேயாகும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

1943 மே 24 இரவு, இலங்கையிலிருந்து சென்ற ஓர் ஒல்லாந்த நீர்மூழ்கிக் கப்பல் பேராக் கரைக்கு அப்பால் மேலெழுந்தது. முன்னர் மலாயாவிற் பொலிஸ் அதிகாரியாயிருந்த ஜோன் டேவிஸ் என்பவர், சீனத் தோழர் ஐவருடன் சிறு படகேறிக் கரை சேர்ந்தார். காட்டில் யப்பானியரை எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையுடன் உறவு கொள்வது அவர் நோக்கம். உறவு கிட்டியது, ஆனால் இலங்கையோடு பேசும் வழி கிட்டவில்லை. அக்காலத்து வானொலிக் கருவி பெரும் பாரமுடையது. அதை மலைக்காட்டு முகாமுக்குச் சுமந்து செல்வது இயலாததாயிற்று. 1945 இன் தொடக்கத்திலேதான் காட்டின் குரல் இலங்கைக்கு எட்டியது. அதுவரை அவர்கள் உயிரோடிருக்கின்றனரா என்பதையும் இங்குள்ளோர் உறுதியாக அறியார்.

அவர்களைத் தொடர்ந்து 1943 நவம்பரில் அக்கரைக்குச் சென்றவர் லிம் போ செங். சிங்கப்பூரில் செங்கலும் பிஸ்கட்டும் உற்பத்தி செய்த வணிகர் அவர். நகர் வீழுமுன் மனைவியையும் ஏழு பிள்ளைகளையும் பிரிந்து வெளியேறியவர். வேறொரு பெயர் பூண்டு, ஈப்போ வட்டாரத்தில் வணிகர் போல் நடமாடிய தோழர்களைக் கொண்டு செய்தி திரட்டினார். 1944 மார்ச்சில் அந்த வலைப்பின்னல் அறுந்தது, அவரும் பிடிபட்டார். சித்திரவதைக்கு ஆளாகியும் தோழர் பெயரை அவர் உரைத்தாரல்லர். 1944 யூன் 29 இல் பத்து காஜா சிறையில் வயிற்றளைச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35.

ஒருவர் இவ்வாறு வாய் திறவாமல் மாய, இன்னொருவர் விலைபோயிருந்தார் என்பதே இக்கதையின் கொடுமை. 1943 டிசெம்பர் இறுதியில் டேவிஸ் குழுவினர் கெரில்லாப் படையுடன் உடன்பாடு செய்தபோது, எதிரே அமர்ந்திருந்தவர் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் லாய் தெக். அவர் யப்பானியருக்கு உளவு சொல்லி வந்தவர் என்பது போருக்குப் பின்னரே அம்பலமாயிற்று. 1942 செப்டெம்பர் 1 இல் பத்துமலைக் குகைகளருகே கூடிய கட்சித் தலைவர்கள் பலர் கொல்லப்பட்டதும் அவருடைய காட்டிக்கொடுப்பினாலேயே.

மறுகரையிலிருந்தும் மறைவு மனிதர் புறப்பட்டனர் என்பதை மறத்தலாகாது. திருவிதாங்கூரின் வக்கம் என்னும் ஊரிற் பிறந்து மலாயாவுக்குப் பிழைக்கச் சென்ற அப்துல் காதர், இந்திய விடுதலையை நாடிப் பினாங்கிற் பயிற்சி பெற்றார். 1942 செப்டெம்பரில் யப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் மலபார்க் கரையின் தானூருக்கு வந்திறங்கிய அவர் விரைவிலேயே பிடிபட்டார். 1943 செப்டெம்பர் 10 இல், 26 வயதில், தோழர்களுடன் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆட்சியாளர் அவரை ஒற்றர் என்றனர். அவருடைய நாட்டவர் இன்று தியாகி என்கின்றனர். லிம் போ செங்கை யப்பானியர் எவ்வாறு கருதினரோ, அவ்வாறே பிரித்தானியர் இவரைக் கருதினர்.

1945 இல் மின்னேரியாவிலிருந்து நெடுந்தூரம் பறந்த விமானங்கள் மலாயாக் காடுகளில் ஆட்களையும் ஆயுதங்களையும் இறக்கின. ஆனால் பெரும்படையெடுப்புத் தொடங்குமுன்னரே ஆகஸ்ட்டில் யப்பான் பணிந்தது. திட்டமிட்ட தகர்ப்பு வேலைகளிற் பல நடைபெறவேயில்லை. காட்டில் எஞ்சிய துப்பாக்கிகள் 1948 இல் மீண்டும் வெடித்தன. இம்முறை பிரித்தானியருக்கு எதிராக. 1943 இல் காட்டில் டேவிஸை வரவேற்ற சின் பெங்கே இப்போது எதிரணித் தலைவர். 1955 டிசெம்பரில் பாலிங் நகரிற் சமாதானப் பேச்சுக்காக அவர் காட்டை விட்டு வந்தபோது, அவரை அழைத்துச் சென்று மீண்டும் கொண்டுபோய் விட்டவர் அதே ஜோன் டேவிஸ்! பேச்சு முறிந்தது, போர் 1960 வரை நீண்டது.

நேயர்களே, மறைவுப் போருக்கு வெடிமருந்தினும் இன்றியமையாதது ஒருவர் மற்றவர் மீது வைக்கும் நம்பிக்கை. அடைக்கலம் தந்த குடிசைக்காரரும், சோறு கொடுத்துவிட்டு வாய் மூடியிருந்த பெண்ணும் அந்த நம்பிக்கையைச் சுமந்தவர்கள். பிடிபட்டால் அவர்களுக்குத் தப்பியோடக் காடில்லை. வென்றால் பதக்கமும் இல்லை. லிம் போ செங்குக்குச் சிங்கப்பூரில் 1954 இல் நினைவுச் சின்னம் எழுந்தது. அதற்குத் தலைவணங்கும் நாம், பெயர் எழுதப்படாத அம்மக்களையும் உடன் நினைப்பதே முறையாகும்.