வேடந்தாங்கல் பறவைகளின் சொந்த ஊர்

வேடந்தாங்கல் என்றவுடனே, பனிப் பிரதேசங்களிலிருந்து கடல் கடந்து வந்திறங்கும் அந்நிய தேசத்துப் பட்சிகளே நம்மவர் மனத்தில் தோன்றுகின்றன. ஆனால் செங்கற்பட்டுச் சீமையில், மதுராந்தகத்துக்கு அருகே, சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சிறிய ஏரியின் நடுவே, இடுப்பளவு நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை பெரும்பாலும் நம் தேசத்துப் பிரஜைகளே. கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா ஆகிய இவற்றுக்கு இவ்வேரி பிரசவ வீடு. வடக்கேயிருந்து நெடுந்தூரம் பறந்து வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியுமோ இங்கே முட்டையிடுவதில்லை. குளிர்காலத்தைக் கழித்து, வயிறார மேய்ந்து, வெயில் ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடுகின்றன.

இந்த ஏரியை அவை ஏன் தேர்ந்தன என்பதற்குக் காரணம் வடகிழக்குப் பருவமழையே. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பியதும் மரங்களைச் சுற்றி நீர் அகழியாகிவிடுவதால், நரியும் பூனையும் கூட்டை அணுகுதல் அரிதாகிறது; அதே மழையால் சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் நெல்வயல்களிலும் மீனும் தவளையும் நத்தையும் பெருகுகின்றன. தாய்ப்பறவைகள் இரை தேடுவது பெரும்பாலும் அவ்விடங்களிலேதான்; ஆகையால் இந்த ஒரு நீர்நிலையைக் காத்து, பக்கத்து ஊர் ஏரிகளைப் பாழாக விடுவது எவ்வகையிலும் விவேகமாகாது.

நத்தைக்குத்தியின் அலகைப் பார்த்தவர்கள், நடுவே பிளந்து நிற்கும் அந்த இடைவெளியில் நத்தையை வைத்துப் பாக்குவெட்டியால் வெட்டுவதுபோல ஓட்டை உடைக்கிறது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அது ஓட்டை நொறுக்குவதில்லை. கீழலகின் கூர்நுனியை நத்தை ஓட்டின் மூடிக்கு அடியில் செலுத்தி, தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுக்கிறது. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. சிறகுகளை விரித்துக் கிளையில் அமர்ந்திருக்கும் நீர்க்காகத்தின் கோலத்துக்கும் இரகசியம் ஏதுமில்லை: வாத்தின் இறகைப்போல அதன் இறகு நீரை ஒதுக்குவதில்லை, ஆகவே மூழ்கி மீன் பிடித்தபின் வெயிலில் உலர்த்த வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் காவலர் யார் எனில், வனத்துறை தோன்றுமுன்பே அவ்வூர்க் குடியானவர்கள். எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு எருவாகும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்த அவர்கள், வேட்டைத் துப்பாக்கிகளைப் பொறாமல் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுலாக, அதாவது எழுத்துமூல உறுதியாக, பெற்றார்கள். இதைத் தருமசிந்தை என்று மட்டும் புகழ்வது அவர்களுடைய விவசாய ஞானத்தைக் குறைத்து மதிப்பதாகும். 1936-இல் ஏரி சரணாலயமாயிற்று. 2022-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

காணச் செல்பவர், அதிகாலையிலோ, இரை தேடச் சென்றவை கூட்டங்கூட்டமாகத் திரும்பும் மாலையிலோ, தொலைநோக்கியுடன் கரையில் நிற்பது உத்தமம். உரக்கக் கூவிப் பறவைகளைக் கிளப்பிப் பார்க்கும் வழக்கத்தை வீட்டிலேயே விட்டுவரலாம். மழை பொய்த்த ஆண்டுகளில் கூடுகள் வெகுவாகக் குறைந்துவிடுமாதலால், புறப்படுமுன் ஏரியில் நீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நலம்.