உங்களுக்குத் தெரியுமா? நின்ற காரின் பிரேக்

அன்றாடம் ஓடும் காரைக் காட்டிலும், உறை போர்த்திப் பத்திரமாக நிறுத்தி வைக்கப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டர்களே பெரும்பாலும் முதலில் பழுதாகின்றன. காற்றின் ஈரத்தை ஓயாமல் கிரகிக்கும் சுபாவமுள்ள பிரேக் ஆயில், அசையாத சிலிண்டரை உள்ளேயே துருவேற்றிவிடுகிறது.

• 1955-இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ. காருக்கு முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள், பழுதுபார்க்கும் வேலையும் இரட்டிப்பு.

• சிலிண்டரின் உட்சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் குழிகள் விழுந்திருந்தால், உள்ளிருக்கும் பிஸ்டனின் ரப்பர் கப்பை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. பித்தளை அல்லது எவர்சில்வர் ஸ்லீவ் இறக்கவேண்டும், இல்லையேல் புதுச் சிலிண்டர்தான்.

• பூட்டும்போது அந்த ரப்பரில் என்ஜின் ஆயில் படலாகாது. பட்டால் உப்பிப் பிஸ்டனை இறுக்கிவிடும். ஆமணக்கெண்ணெய்க்கு அந்தத் தோஷமில்லை (ஆதியில் பிரேக் ஆயிலே அதனுடன் ஆல்கஹால் கலந்து தயாரிக்கப்பட்டதுதான்!).