கட்டளை எங்கே நின்றுபோனது? – புளூடூத் தொடர் தொடர்பாடலில் வழுக் காணல்

ஆர்டுயினோ ஊனோ பலகையுடன் எச்.சி.-05 புளூடூத் மொடியூலை இணைத்து, கைத்தொலைபேசியிலிருந்து ஒரு மின்குமிழை ஒளிரச் செய்வதும் சிறு வண்டியொன்றை ஓட்டுவதும் இன்று பாடசாலைச் செயற்றிட்டங்களில் அடிக்கடி காணப்படுபவை. இவை முதல் முயற்சியிலேயே இயங்குவது அரிது. இயங்காதபோது மாணவர்கள் கம்பிகளைக் கழற்றி மாற்றுவர், செய்நிரலைத் திருத்துவர், வேறு செயலியைத் தொலைபேசியில் ஏற்றுவர். எல்லாவற்றையும் ஒரே வேளையில் செய்வர். இறுதியில் மொடியூல் எரிந்துவிட்டது என முடிவு கட்டிக் காசு கொடுத்துப் புதியதொன்றை வாங்குவர். பெரும்பாலும் அதுவும் பேசாது. ஏனெனில் வழு மொடியூலில் இருக்கவில்லை.

வழுக் காண்பதற்கு முதலில் கட்டளை செல்லும் பாதையை அறிய வேண்டும். தொலைபேசியில் எஃப் என்னும் எழுத்தை அழுத்தினால் அது வானொலி அலையாக மொடியூலை அடைகிறது. மொடியூல் அதனைத் துவித மின் துடிப்புகளாக மாற்றி ஒரு கம்பியின் வழியே நுண்கட்டுப்படுத்திக்கு அனுப்புகிறது. நுண்கட்டுப்படுத்தியில் உள்ள செய்நிரல் அதனை வாசித்து மோட்டரை இயக்குகிறது. எனவே பாதையில் மூன்று துண்டுகள் உள்ளன: காற்றில் ஒன்று, கம்பியில் ஒன்று, செய்நிரலில் ஒன்று. கட்டளை எந்தத் துண்டில் நின்றுபோனது என்பதே வினா. அதற்கு விடை கிடைக்கும் வரை எதனையும் மாற்றலாகாது.

பாதையை இரண்டாகப் பிரித்தல்

பின்வரும் சோதனைக்கு ஒரு துண்டுக் கம்பி போதும். மொடியூலை ஆர்டுயினோவின் 5 வோல்ற்று முனையிலும் புவி முனையிலும் மட்டும் இணைத்து வலுவூட்டுக. மற்றைய கம்பிகளைக் கழற்றிவிடுக. பின்னர் மொடியூலில் ரி.எக்ஸ். எனப் பொறிக்கப்பட்ட அனுப்பும் முனையை அதே மொடியூலின் ஆர்.எக்ஸ். என்னும் வாங்கும் முனையுடன் தொடுக்க. இப்போது தொலைபேசியிலிருந்து ஓர் எழுத்தை அனுப்பினால் அது மொடியூலுக்குப் போய், தன் வாலைத் தானே பிடித்தது போலத் திரும்பித் தொலைபேசித் திரைக்கே வர வேண்டும். இது தடச்சுற்றுச் சோதனை எனப்படும்.

எழுத்து திரும்பி வந்தால் தொலைபேசி, செயலி, வானொலி அலை, மொடியூல் ஆகிய நான்கும் சரியானவை. வழு கம்பியிலோ செய்நிரலிலோதான் உண்டு. திரும்பி வராவிடின் ஆர்டுயினோவின் பக்கம் பார்ப்பதில் பயனில்லை. அரை நிமிடத்தில் பாதையின் பாதி விலக்கப்பட்டுவிடுகிறது.

மற்றப் பாதியைச் சோதிக்க மொடியூலையே அகற்றிவிட்டு, அதே கட்டளையை கணினியிலிருந்து யூ.எஸ்.பி. வடத்தின் வழியே தொடர் கண்காணிப்புச் சாளரத்தில் தட்டச்சு செய்து அனுப்புக. செய்நிரல் 0, 1 ஆம் முனைகளின் வழியே வாசிக்குமாறு எழுதப்பட்டிருந்தால் மோட்டர் இயங்க வேண்டும். இயங்கினால் செய்நிரலும் மோட்டரும் சரி.

தொலைபேசிப் பக்கத்தில் ஏற்படும் மயக்கங்கள்

மொடியூலில் உள்ள ஒளிகாலும் இருவாயியைப் பார்த்தாலே பல சந்தேகங்கள் தீரும். வேகமாகச் சிமிட்டினால் அது இணைப்புக்காகக் காத்திருக்கிறது. இரண்டு தடவை சிமிட்டிச் சற்று ஓய்ந்தால் இணைப்பு ஏற்பட்டுள்ளது. இரண்டு செக்கன் ஒளிர்ந்து இரண்டு செக்கன் அணைந்தால் மொடியூல் கட்டளை நிலையில் உள்ளது. இந்நிலையில் அது சாதாரண தரவை அனுப்பாது. வலுவூட்டும்போது மொடியூலின் பொத்தான் அமுக்கப்பட்டிருந்தால் இவ்வாறு நிகழும்.

தொலைபேசியின் அமைப்புப் பக்கத்தில் கடவு எண்ணைக் கொடுத்ததும் (பெரும்பாலும் 1234) இணைப்பு முடிந்துவிட்டது என்று பலர் கருதுவர். அது சோடி சேர்த்தல் மட்டுமே. செயலியைத் திறந்து அதனுள் மொடியூலைத் தெரிவு செய்யும்போதே உண்மையான இணைப்பு ஏற்படும். அதுவரை இருவாயி வேகமாகவே சிமிட்டும். ஆண்ட்ரொயிட் 12 முதலான பதிப்புகளில் அருகிலுள்ள சாதனங்களை அணுகும் அனுமதியைச் செயலிக்கு வழங்காவிடினும் இணைப்புக் கிடையாது. ஐபோன் வைத்திருப்போர் எச்.சி.-05 உடன் போராட வேண்டாம். இம்மொடியூல் பயன்படுத்தும் பழைய தொடர் புளூடூத் முறை அங்கு சாதாரண செயலிகளுக்குத் திறந்துவிடப்படவில்லை. குறைவலு புளூடூத் மொடியூலொன்றே அதற்குப் பொருந்தும்.

தூரம் பற்றியும் ஒரு சொல். புளூடூத் 2.4 கிகாஹேட்ஸ் மீடிறனில் தொழிற்படுகிறது. வேகம் = மீடிறன் × அலைநீளம் என்னும் தொடர்பில் ஒளியின் வேகத்தைப் பிரதியிட்டால் அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர் எனப் பெறப்படும். தடையற்ற வெளியில் ஏறத்தாழ 10 மீற்றர் வரை எதிர்பார்க்கலாம். மொடியூலைப் பிஸ்கற் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினால் அந்த 10 மீற்றர் கைக்கெட்டும் தூரமாகச் சுருங்கிவிடும். உலோகம் வானொலி அலையைத் தடுப்பதே காரணம். மனித உடலும் இம்மீடிறனை உறிஞ்சும். கண்காட்சி மண்டபத்தில் கூட்டம் சேர்ந்ததும் வண்டி தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கம்பியில் நிகழ்பவை

ஒருவர் பேசும் வாய் மற்றவரின் காதுடன் இணைய வேண்டும். ஆகவே மொடியூலின் அனுப்பும் முனை ஆர்டுயினோவின் வாங்கும் முனையுடனும், ஆர்டுயினோவின் அனுப்பும் முனை மொடியூலின் வாங்கும் முனையுடனும் குறுக்காக இணைக்கப்படும். ஒரே பெயருள்ள முனைகளை இணைத்தால் இரு வாய்கள் ஒன்றையொன்று நோக்கிப் பேசும், கேட்பவர் எவருமில்லை. இதன் அறிகுறி முழு மௌனம்.

மொடியூலுக்கும் ஆர்டுயினோவுக்கும் வெவ்வேறு மின்கலவடுக்குகள் இருந்தால் இரண்டின் புவி முனைகளும் ஒன்றாகத் தொடுக்கப்பட வேண்டும். 5 வோல்ற்று என்பது ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு அல்லவா? ஒப்பிடும் புள்ளி பொதுவாக இல்லாவிடின் வாங்கும் பக்கம் எதனை 1 என்றும் எதனை 0 என்றும் கொள்ளும்? கம்பிகள் எல்லாம் சரியாக இருந்தும் குப்பை எழுத்துகள் வருமாயின் முதலில் புவிக் கம்பியைப் பார்க்க.

அடுத்தது தருக்க மட்டம். ஊனோவின் அனுப்பும் முனை 5 வோல்ற்றைத் தரும். எச்.சி.-05 இன் வாங்கும் முனையோ 3.3 வோல்ற்றுக்கானது. (அதன் வலு முனைக்கு 5 வோல்ற்றுக் கொடுக்கலாம், பலகையில் உள்ள சீராக்கி அதனைக் குறைத்துக்கொள்ளும். வாங்கும் முனைக்கு அந்தச் சலுகை இல்லை.) ஆகவே இடையில் அழுத்தப் பிரிப்பான் ஒன்று அமைக்கப்படும். ஆர்டுயினோவின் அனுப்பும் முனைக்கும் மொடியூலின் வாங்கும் முனைக்கும் இடையில் 1 கிலோ ஓம் தடையியும், மொடியூலின் அவ்வாங்கும் முனைக்கும் புவிக்கும் இடையில் 2 கிலோ ஓம் தடையியும் தொடுக்கப்படும். அப்போது மொடியூலுக்குக் கிடைப்பது 5 × 2 ÷ (1 + 2) = 3.33 வோல்ற்று. தடையிகள் இடம் மாறினால் 5 × 1 ÷ 3 = 1.67 வோல்ற்று மட்டுமே கிடைக்கும். மொடியூல் அதனை 1 என உணராது. விளைவு ஒருவழித் தொடர்பாடல்: தொலைபேசியின் கட்டளை ஆர்டுயினோவை அடையும், ஆர்டுயினோ அனுப்பும் வெப்பநிலை வாசிப்போ தொலைபேசிக்கு வராது. எதிர்த்திசையில் பிரிப்பான் தேவையில்லை. ஊனோ 3 வோல்ற்றுக்கு மேற்பட்டதை 1 எனக் கொள்வதால் மொடியூலின் 3.3 வோல்ற்று அதற்குப் போதும்.

பிரிப்பான் இன்றியே நண்பனின் மொடியூல் வேலை செய்கிறதே என வாதிடுவோர் உளர். செய்யக்கூடும். அனுமதிக்கப்பட்ட அளவை மீறியும் ஒரு பொருள் சில காலம் தாங்குவதுண்டு. இரண்டு தடையிகளின் விலையையும் மொடியூலின் விலையையும் ஒப்பிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

போட் வேகம்

குப்பை எழுத்துகளுக்கு மிகப் பொதுவான காரணம் வேகப் பொருத்தமின்மை. தொடர் தொடர்பாடலில் கடிகாரத்துக்கெனத் தனிக் கம்பி இல்லை. இரு பக்கமும் ஒரு பிட்டுக்கு எவ்வளவு நேரம் என்று முன்னரே உடன்பட்டிருக்க வேண்டும். பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளர் எமில் போடோவின் (1845–1903) பெயரால் இவ்வேகம் போட் எனப்படுகிறது. 9600 போட் எனில் ஒரு பிட்டுக்கான நேரம் 1 ÷ 9600 செக்கன், அதாவது ஏறத்தாழ 104 மைக்ரோசெக்கன். 38400 போட் எனில் 26 மைக்ரோசெக்கன்.

ஏ என்னும் ஆங்கிலப் பேரெழுத்தின் ஆஸ்கிக் குறி 65, துவிதத்தில் 01000001. இது அனுப்பப்படும்போது முதலில் 0 ஆகிய தொடக்கப் பிட்டும், பின்னர் சிறும மதிப்புப் பிட்டிலிருந்து தொடங்கி எட்டுத் தரவுப் பிட்டுகளும், முடிவில் 1 ஆகிய நிறுத்தப் பிட்டுமாக மொத்தம் 10 பிட்டுகள் செல்லும். வாங்கும் பக்கம் தொடக்கப் பிட்டைக் கண்டதும் தன் கடிகாரத்தை ஓட்டி ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒரு முறை பார்க்கும். அனுப்புபவர் 9600 இலும் வாங்குபவர் 38400 இலும் இருந்தால் அனுப்பப்பட்ட ஒரே பிட்டை வாங்குபவர் நான்கு பிட்டுகளாக எண்ணிவிடுவார். அதனால்தான் வருவது மௌனமல்ல, பொருளற்ற எழுத்துகள். குப்பை வருவது ஒரு வகையில் நற்செய்தியே. கம்பித் தொடுப்பு உண்டு, வலு உண்டு, வேகம் மட்டும் பொருந்தவில்லை என அது பெரும்பாலும் உணர்த்துகிறது.

எச்.சி.-05 தரவு நிலையில் பெரும்பாலும் 9600 போட்டிலும், கட்டளை நிலையில் 38400 போட்டிலும் பேசும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் அநேகர். தொலைபேசிச் செயலியில் போட் வேகத்தை மாற்றும் இடத்தைத் தேடுவோரும் உளர். அப்படியோர் இடம் தேவையில்லை. போட் வேகம் மொடியூலுக்கும் நுண்கட்டுப்படுத்திக்கும் இடையிலான கம்பிக்கு மட்டுமே உரியது; காற்றில் செல்லும் துண்டுக்குப் புளூடூத்தின் சொந்த விதிகள் உள்ளன. தடச்சுற்றுச் சோதனை வெற்றியளித்தும் ஆர்டுயினோவில் குப்பை வருவது இதனாலேயே.

ஊனோவின் 0, 1 ஆம் முனைகள் யூ.எஸ்.பி. வடத்துக்கும் உரியவை. மொடியூல் அவற்றில் இருக்கும்போது செய்நிரலை ஏற்ற முயன்றால் ஒத்திசைவு இல்லை என வழுச்செய்தி வரும். ஏற்றும்போது மொடியூலின் தரவுக் கம்பிகளைக் கழற்றுக. அல்லது 10, 11 போன்ற வேறு முனைகளில் மென்பொருள் தொடர் நூலகத்தைப் பயன்படுத்துக. அந்நூலகம் 115200 போட்டில் நம்பத்தக்கதன்று. 9600 இல் சிறப்பாக இயங்கும்.

செய்நிரலில் மறைந்திருப்பவை

கம்பி சரி, வேகம் சரி, எழுத்தும் ஒழுங்காக வருகிறது, வண்டி மட்டும் அசையவில்லை. இந்நிலையில் பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் குழம்பியிருக்கும். தொலைபேசியில் 1 என அழுத்தினால் வருவது எண் 1 அன்று. 1 என்னும் வரியுருவின் ஆஸ்கிக் குறியாகிய 49. செய்நிரல் அதனை எண் 1 உடன் ஒப்பிட்டால் ஒருபோதும் சமனாகாது.

சில செயலிகள் ஒவ்வொரு கட்டளையின் பின்னும் வரி முடிவுக் குறிகளாகிய 13, 10 ஆகியவற்றைத் தாமே சேர்த்து அனுப்பும். தெரியாத எழுத்து வந்தால் நிறுத்து என எழுதப்பட்ட செய்நிரலில் வண்டி ஒரு கணம் துடித்து உடனே நிற்கும். இதைக் கண்டு மோட்டரைப் பழித்தல் ஆகாது. வந்த ஒவ்வொரு பைட்டின் தசமப் பெறுமானத்தையும் கணினித் திரையில் அச்சிட்டுப் பார்க்க. எஃப் என்பதற்கு 70 மட்டும் வருகிறதா, 70, 13, 10 வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

125 போன்ற பல இலக்க எண்ணை அனுப்பும்போது இன்னொரு சிக்கல் எழும். 9600 போட்டில் ஒரு வரியுரு வந்து சேர ஏறத்தாழ 1 மில்லிசெக்கன் ஆகும். நுண்கட்டுப்படுத்திக்கு அது நீண்ட நேரம். ஏதோ வந்துவிட்டது என்று உடனே வாசித்தால் 1 மட்டும் கிடைக்கும். 2 உம் 5 உம் இன்னும் வழியில் இருக்கும். முடிவுக் குறி வரும் வரை சேர்த்து வைத்தே வாசிக்க வேண்டும். மாறாக, ஒரு செக்கன் தாமதக் கட்டளைகளைச் செய்நிரலில் தாராளமாக இட்டால், 64 பைட்டுகள் மட்டுமே கொள்ளும் வாங்கு தாங்ககம் நிரம்பி மிகுதி இழக்கப்படும்.

மாதிரி வினா

மாணவி ஒருத்தி புளூடூத் வண்டியொன்றை அமைத்தாள். மோட்டர்களுக்கும் ஆர்டுயினோவுக்கும் ஒரே 9 வோல்ற்று மின்கலவடுக்கே வலு வழங்குகிறது. சில்லுகள் தரையில் படாதவாறு வண்டியைத் தூக்கிப் பிடித்தால் எல்லாக் கட்டளைகளும் நிறைவேறுகின்றன. தரையில் வைத்து முன்னே செல்லும் கட்டளையைக் கொடுத்ததும் வண்டி சற்று அசைந்து நின்றுவிடுகிறது. மொடியூலின் இருவாயி மீண்டும் வேகமாகச் சிமிட்டத் தொடங்குகிறது.

(அ) வழு செய்நிரலில் இல்லை எனக் கொள்வதற்குக் காரணம் தருக.
(ஆ) வழுவுக்கான காரணத்தை விளக்குக.
(இ) அதனை நீக்கும் வழியொன்றைக் கூறுக.

விடை

(அ) அதே செய்நிரலுடன், தூக்கிப் பிடித்த நிலையில் எல்லாக் கட்டளைகளும் நிறைவேறுகின்றன. இரு நிலைகளுக்கும் இடையில் மாறியது மோட்டரின் சுமை மட்டுமே.

(ஆ) தரையில் சுமையுடன் புறப்படும் மோட்டர் பெருமளவு மின்னோட்டத்தைப் பெறும். சிறிய 9 வோல்ற்று மின்கலவடுக்கின் அகத்தடை உயர்வானது. ஆகவே அதன் முடிவிட வோல்ற்றளவு கணப்பொழுதில் வீழ்ச்சியடையும். மொடியூல் போதிய வலுவின்றி மீளத் தொடங்கும், இணைப்பு அறும். இருவாயி வேகமாகச் சிமிட்டுவது இதற்குச் சான்று.

(இ) மோட்டர்களுக்குத் தனி மின்கலவடுக்கை வழங்கி, இரண்டு வழங்கல்களினதும் புவி முனைகளை ஒன்றாகத் தொடுத்தல். புவி முனைகளைத் தொடுக்க வேண்டும் என்பதை எழுதாத விடை முழுமையானதன்று. அவ்வாறு தொடுக்காத வண்டியும் ஓடாது.