வெனிஸ் ஒயின் கடைகளில் கண்ட சில்லறை வியாபாரம்

மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் படிக்கும் இதழில் ஒயின் கடையைப் பற்றி என்ன எழுத்து வேண்டிக் கிடக்கிறது என்று அன்பர்கள் சிலர் நினைக்கலாம். நாங்கள் போனது குடிப்பதற்காக அல்ல. 2023 மே மாதம் இத்தாலி நாட்டின் மிலான் நகரில் நடந்த உணவுப் பொருள் கண்காட்சிக்கு வியாபாரிகள் ஆறு பேர் போயிருந்தோம். கண்காட்சி முடிந்த பின் கையில் மூன்று நாள் மீதம் இருந்தது. மிளகு வியாபாரத்தால் கொழுத்த ஊர் வெனிஸ். நாற்பது வருடமாக மிளகும் மல்லியும் எடை போட்ட நாங்கள் அந்த ஊரைப் பார்க்காமல் திரும்புவதா என்று ரயில் ஏறிவிட்டோம். இரண்டரை மணி நேரப் பயணம்தான். ஆறு பேரில் நான்கு பேர் மது தொடாதவர்கள். நாமும் அந்த நால்வரில் சேர்த்தி. ஆனாலும் அந்த ஊரில் எங்கள் கால்கள் அதிகம் நின்றது ஒயின் கடை வாசல்களில்தான். காரணம், பத்தடிக்குப் பத்தடி கடைகள் பெரிய கடைகளுக்கு நடுவே எப்படி நிற்கின்றன என்று பார்க்க அங்கேதான் வழி இருந்தது.

முதலில் ரியால்ட்டோ. வெனிஸின் பழைய கடைவீதி இது. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் வந்து இறங்குவதற்கு முன்பு, நம் மலையாளக் கரையின் மிளகு அரபு வியாபாரிகள் கைமாறி, எகிப்தின் அலெக்சாண்டிரியா துறைமுகம் வழியாக இங்கேதான் வந்து சேர்ந்தது. இங்கிருந்துதான் ஐரோப்பா முழுவதற்கும் விலை போயிற்று. அங்கே சான் ஜாக்கொமோ என்ற சிறிய மாதாகோவிலின் பின்சுவரில் பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இந்தக் கோவிலைச் சுற்றி வியாபாரம் செய்கிறவர்களின் நியாயம் நேராக இருக்கட்டும், எடைக்கல் சரியாக இருக்கட்டும், ஒப்பந்தத்தில் சூது வேண்டாம் என்பது அதன் கருத்து. சற்றுத் தள்ளி மீன் சந்தை. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று அங்கே சலவைக்கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் வந்து கேட்கும்போது தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது!

சந்தையை ஒட்டிய சந்துகளில்தான் ஒயின் கடைகள். உள்ளூர்ப் பேச்சில் பாக்கரோ என்கிறார்கள். தோ மோரி என்ற கடை 1462 முதல் நடப்பதாகச் சொல்லப்படுகிறது. முன்வாசல் ஒரு சந்தில், பின்வாசல் அடுத்த சந்தில். உத்தரத்திலிருந்து செம்புப் பாத்திரங்கள் தொங்குகின்றன. உட்கார நாற்காலி கிடையாது. எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இதை நாங்கள் முதலில் வசதிக் குறைவு என்றுதான் நினைத்தோம். அரைமணி நேரம் வாசலில் நின்று எண்ணிப் பார்த்தபோதுதான் கணக்குப் புரிந்தது. நாற்காலி போட்டிருந்தால் எட்டுப் பேர் உட்காரக் கூடிய இடத்தில் நாற்பது பேர் வந்து போய்விட்டார்கள்.

விற்பனையின் அளவுதான் விசேஷம். ஓம்ப்ரா என்று கேட்டால் சிறிய கிளாஸில் ஏறக்குறைய 100 மில்லி ஒயின் ஊற்றித் தருகிறார்கள். ஓம்ப்ரா என்றால் நிழல். புனித மார்க் சதுக்கத்தில் ஒயின் விற்றவர்கள் மணிக்கூண்டின் நிழல் நகர நகர வண்டியையும் நகர்த்திக்கொண்டே போனார்களாம். அதனால் வந்த பெயர் என்கிறார்கள். 750 மில்லி பாட்டில் ஒன்றில் ஏழு ஓம்ப்ரா வரும். கிளாஸ் 2 யூரோ என்றால் பாட்டிலுக்கு 14 யூரோ. அன்றைய மதிப்பில் ஒரு யூரோ நம் பணத்தில் 90 ரூபாய் அளவு. முழு பாட்டில் வாங்கத் தயங்குகிற ஆள் இரண்டு யூரோவைத் தயங்காமல் எடுக்கிறார். ஷாம்பூ பாக்கெட்டையும் ஐந்து ரூபாய் மசாலாப் பொட்டலத்தையும் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒயினுக்குத் துணையாகச் சிக்கெட்டி என்ற சிறு தின்பண்டங்கள். தோ மோரியில் இருக்கும் மிகச் சிறிய ரொட்டிக்குத் தபால் தலை என்றே பெயர். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். விரலைக் காட்டினால் போதும். பொரித்த மத்தி மீனை வெங்காயம், வினிகர், உலர்ந்த திராட்சையோடு ஊறவைத்தது ஒன்று. கப்பலில் போகிறவர்கள் கெடாமல் இருக்கச் செய்துகொண்டது அது. நம் புளிமீன் குழம்பு மறுநாள் ருசிப்பது போலத்தான் அதுவும் என்றார் அசைவம் சாப்பிடும் நண்பர்.

இன்னொன்று ரொட்டியின் மேல் வெள்ளையாக வெண்ணெய் போலத் தடவியிருந்தது. "அண்ணாச்சி, இது நம்ம கருவாடுல்லா!" என்று தூத்துக்குடி நண்பர் சத்தம் போட்டுவிட்டார். கருவாடுதான். ஆனால் உப்புப் போடாத கருவாடு. நார்வே நாட்டு லோஃபோட்டன் தீவுகளில் காட் மீனை மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே உலர்த்துகிறார்கள். அதை இங்கே ஊறவைத்து, வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டு அடித்து அடித்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இந்தச் சரக்கு வெனிஸுக்கு வந்த வழி வியாபாரிகள் அறியத்தக்கது. பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர் 1431இல் கிரீட் தீவிலிருந்து ஒயினும் வாசனைச் சரக்கும் ஏற்றிக்கொண்டு வடக்கே பிளாண்டர்ஸுக்குப் புறப்பட்டார். புயலில் கப்பல் போயிற்று, சரக்கும் போயிற்று, ஆட்களில் பெரும்பாலோரும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் 1432 ஜனவரியில் லோஃபோட்டன் பக்கம் ரோஸ்ட் என்ற தீவில் ஒதுங்கினார்கள். மீனவர்கள் சோறு போட்டுக் காப்பாற்றினார்கள். முதல் முழுவதையும் கடலில் விட்ட மனிதர் ஊர் திரும்பும்போது கையில் அந்த ஊர்க் காய்ந்த மீன் இருந்தது. இன்று வெனிஸில் அந்த மீன் இல்லாத பாக்கரோ அபூர்வம்.

சில்லறை ஒயின் விற்கும் கடைகளும் உண்டு. பெரிய கண்ணாடிக் குடுவையில் ஒயின் இருக்கிறது. வீட்டுப் பெண்கள் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுவந்து லிட்டர் கணக்கில் பிடித்துப் போகிறார்கள். லிட்டர் மூன்று யூரோ அளவில் இருந்தது. செக்கு எண்ணெய்க்குத் தூக்குச்சட்டியோடு வந்த நம் பழைய வாடிக்கையாளர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். லேபிளும் பாட்டிலும் இல்லாததால் விலை குறைகிறது. அந்த வாடிக்கையாளர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவதில்லை.

வரியைப் பற்றியும் விசாரித்தோம். ஒரே ஒயினை மூடிய பாட்டிலாக விற்றால் 22 சதவீதம். கடையிலேயே கிளாஸில் ஊற்றிப் பரிமாறினால் 10 சதவீதம். ஒன்றரை யூரோ கிளாஸுக்கும் ரசீது கிழித்தே தீர வேண்டும். நம் நாட்டில் மது ஜி.எஸ்.டி.க்குள்ளேயே வரவில்லை என்பது வேறு கதை.

இனி கலவைப் பானங்கள். வெனிஸில் மாலை ஆறு மணிக்கு எந்த மேஜையைப் பார்த்தாலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கிளாஸ் இருக்கும். பெயர் ஸ்பிரிட்ஸ். ஆஸ்திரியர்கள் இந்த ஊரை ஆண்ட காலத்தில், 1866 வரை, அவர்களுடைய சிப்பாய்களுக்கு உள்ளூர் ஒயின் காட்டமாக இருந்ததால் தண்ணீர் தெளித்துக் குடித்தார்களாம். பிறகு தண்ணீர் சோடாவாயிற்று. அதன் பின் கசப்பு மூலிகைச் சாறு சேர்ந்தது. பக்கத்துப் படுவா நகரில் 1919இல் வந்த அப்பரோல் ஒன்று, வெனிஸிலேயே 1920இல் வந்த செலக்ட் மற்றொன்று. புரோசெக்கோ என்ற நுரைக்கும் ஒயின் மூன்று பங்கு, அப்பரோல் இரண்டு, சோடா ஒன்று. இதுதான் வழக்கமான அளவு. சந்துக் கடையில் நின்று குடித்தால் நான்கு யூரோ. சதுக்கத்தில் வாத்தியம் கேட்டபடி உட்கார்ந்தால் அதைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாது, வாத்தியத்துக்குத் தனிக் கட்டணமும் உண்டு. பானம் ஒன்றேதான். விலை நாற்காலிக்கு! மது தொடாத நாங்கள் நால்வரும் ஆரஞ்சுச் சாறு குடித்தோம். அதற்கும் நாற்காலி விலைதான்.

ஹாரிஸ் பார் என்ற பெயரை உலகம் முழுவதும் அறிந்திருக்கிறார்கள். சுமார் 45 சதுர மீட்டர் கடை; நம் கணக்கில் ஐந்நூறு சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. முன்பு கயிறு அடுக்கி வைத்த கிடங்கு. இது பிறந்த கதையை அந்தக் குடும்பத்தாரே சொல்லி வருகிறார்கள். ஜுசெப்பே சிப்ரியானி என்பவர் ஓர் ஓட்டலில் பானம் கலந்து தரும் ஊழியராக இருந்தார். அங்கே தங்கியிருந்த ஹாரி பிக்கரிங் என்ற அமெரிக்க இளைஞர் கையில் காசில்லாமல் தவித்தபோது 10,000 லிரா கைமாற்றாகக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஓர் ஊழியருக்கு அது சேமிப்பு முழுவதும் என்றே சொல்லலாம். எழுத்தும் இல்லை, ஜாமீனும் இல்லை. இளைஞர் ஊருக்குப் போனார், தகவல் இல்லை. பிறகு ஒரு நாள் திரும்பி வந்து, கடன் 10,000 லிராவை வைத்து, அதன் மேல் 40,000 லிராவையும் வைத்தார். ஒரு கடை திற, அதற்கு என் பெயரை வை என்றார். 1931 மே மாதம் கடை திறந்தது. அடுத்த வருடம் பிறந்த மகனுக்கும் ஹாரி என்பதன் இத்தாலிய வடிவமான அர்ரிகோ என்ற பெயரே வைத்தார் சிப்ரியானி.

கடன் கொடுத்துக் கடை ஆண்டவர்களைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டது இது ஒன்றுதான். நம் பற்று நோட்டில் திரும்பாமல் நிற்கும் தொகைகளுக்கு எந்தப் பிக்கரிங்கும் வரப்போவதில்லை என்று கூட வந்த நண்பர் சிரிக்காமல் சொன்னார். சிப்ரியானி இடம் பிடித்த விதமும் கவனிக்கத்தக்கது. அப்போது அது முட்டுச் சந்து. போகிற போக்கில் நுழைகிற ஆள் வர மாட்டான், இந்தக் கடைக்கென்றே வருகிறவன்தான் வருவான் என்று அதையே விரும்பி எடுத்தாராம். முச்சந்திக் கடைக்கு அட்வான்ஸ் கொட்டுகிற நமக்கு இது தலைகீழான பாடம். ஆனால் எல்லா வியாபாரத்துக்கும் பொருந்தாது. உப்பும் புளியும் வாங்க யாரும் முட்டுச் சந்தைத் தேடி வர மாட்டார்கள். வெள்ளைப் பீச் பழக்கூழில் புரோசெக்கோ கலந்து, 1948 வாக்கில் இவர் அறிமுகப்படுத்திய பெல்லினி இன்று உலகம் முழுவதும் ஓடுகிறது. பெல்லினி என்பது பழைய வெனிஸ் ஓவியர் ஒருவரின் பெயர். சிறிய கிளாஸ் இருபது யூரோவுக்கு மேல். நண்பர் ஒருவர் வாங்கினார், மற்றவர்கள் பார்த்தோம்.

இத்தனை ஒயின் கடைகள் இருக்கின்றனவே, மளிகைக் கடை எங்கே என்று தேடியபோதுதான் ஊரின் மறுபக்கம் தெரிந்தது. ரியால்ட்டோ அருகே ஒரு மருந்துக் கடையின் கண்ணாடியில் 2008 முதல் மின்பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய நகரத்தின் அன்றைய ஜனத்தொகை அதில் ஓடுகிறது. 1951இல் 1,75,000 பேர் இருந்த இடம். 2022இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வீடுகள் சுற்றுலா விடுதிகளாகின்றன. குடியிருப்பவர் போனால் அரிசி, எண்ணெய் யார் வாங்குவார்? ரொட்டிக் கடையும் காய்கறிக் கடையும் முகமூடிப் பொம்மைக் கடைகளாக மாறுகின்றன. பகலில் வந்து போகும் கூட்டத்தைக் கட்டுப்படுத்தவென்று 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணமே வாங்குகிறார்கள்.

பாலத்தின் அடியில் நிற்கும் பெரிய கட்டடம் ஒரு காலத்தில் ஜெர்மன் வியாபாரிகள் தங்கிச் சரக்கு வைத்த கிடங்கு. 2016இல் அது ஆடம்பரப் பொருள்களின் பெரிய அங்காடியாகத் திறக்கப்பட்டது. நாங்கள் போனபோது பளபளவென்று இருந்தது; விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களைவிட அதிகம். 2025இல் அந்த அங்காடியை மூடிவிட்டார்கள். அதற்கு எதிர்ப்பக்கத்துச் சந்தில் தோ மோரி.

கன்னரேஜோ பகுதியில் ஒரு சிறிய பாக்கரோவில் கடைசி நாள் மாலை வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் வங்கதேசத்து இளைஞர். எங்களில் பம்பாய் வியாபாரம் பார்த்த நண்பரின் இந்தி உதவிற்று. கடைக்காரருக்கு எங்கள் வயது இருக்கும். காலை எட்டு மணிக்குச் சந்தைக் கூலியாட்களும் அண்டை வீட்டுப் பெரியவர்களும் வருவார்கள், அவர்களுக்கு ஓம்ப்ரா ஒன்றரை யூரோ, அதை ஏற்றவே மாட்டேன் என்றார். மாலை வருகிற வெளியூர்க்காரர்களிடம் ஸ்பிரிட்ஸில் பார்த்துக்கொள்கிறாராம். அண்டை வீட்டார் இல்லாத கடைக்கு வெளியூர்க்காரனும் வர மாட்டான், அவன் வேடிக்கை பார்க்க வருவதே இவர்களைத்தான் என்று சொல்லிச் சிரித்தார்.

வாடகை பற்றிக் கேட்டோம். அங்கே 1978ஆம் வருடச் சட்டப்படி கடை வாடகை ஒப்பந்தம் ஆறு வருடம். அது முடிந்தால் சாதாரணமாக இன்னும் ஆறு வருடம் தானே தொடரும். வாடிக்கையாளர் நேரில் வந்து போகும் கடையை உடைமையாளர் தம் விருப்பத்துக்குக் காலி செய்யச் சொன்னால், கடைக்காரர் அந்த இடத்தில் சேர்த்த வாடிக்கைக்கு ஈடாகப் பதினெட்டு மாத வாடகையைக் கொடுத்தாக வேண்டும். அந்த இடத்தில் மறுபடி அதே தொழிலை வைத்தால் ஈட்டுத் தொகை இரட்டிப்பு. இருபது வருடம் உழைத்துப் பெயர் வாங்கிய கடையை, மூன்று மாத நோட்டீஸில் விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்த நம் சங்க உறுப்பினர்கள் எத்தனை பேர்! நமது சங்கம் அரசுக்குக் கோரிக்கை வைக்கும்போது இந்தச் சட்டத்தையும் எடுத்துக்காட்டலாம் என்று நாங்கள் ஆறு பேரும் அன்றே குறித்துக்கொண்டோம்.

அந்தக் கடைக்காரருடைய இரண்டாவது ஆறு வருடத்தில் இன்னும் நான்கு வருடம் பாக்கி. உடைமையாளரின் மகன் அந்த இடத்தைப் பொம்மைக் கடைக்கு விட ஆசைப்படுகிறாராம். பதினெட்டு மாத வாடகையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இப்போதைக்குப் பேசாமல் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே, வாசலுக்கு வந்த கிழவர் ஒருவருக்கு அவர் கேட்காமலே ஒரு ஓம்ப்ராவை ஊற்றி நகர்த்தி வைத்தார்.