கொடுங்கையூர் குப்பை மேடு: மூக்குக்குத் தெரியாத வாயு, செயற்கை கோளுக்குத் தெரியும்!

சென்னை,

கொடுங்கையூர் குப்பை கிடங்கு பக்கம் போனாலே மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இதுபோன்ற குப்பை மேடுகளில் இருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவுக்கு நாற்றமும் கிடையாது, நிறமும் கிடையாது. பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்கும் தெரியாத இந்த வாயுவை பல நூறு கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கை கோள்கள் கண்டுபிடித்து விடுகின்றன.

எப்படி உருவாகிறது?

மிச்ச சோறு, காய்கறி, மீன் கழிவு எல்லாம் காற்று புகாமல் அடியில் அமுங்கி அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. 20 ஆண்டு கணக்கில் பார்த்தால் இது கரியமில வாயுவை விட 80 மடங்கு அதிகமாக பூமியைச் சூடாக்கும். எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். 2022 ஏப்ரலில் பெருங்குடி கிடங்கில் பிடித்த தீ நாள் கணக்கில் எரிந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

எப்படி பிடிக்கிறார்கள்?

சூரிய வெளிச்சம் தரையில் பட்டு மேலே திரும்பும்போது, அதில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு கதிரில் ஒரு பகுதியை மீத்தேன் உறிஞ்சி விடும். எவ்வளவு குறைந்தது என்று செயற்கை கோள் அளக்கிறது. காற்றின் வேகத்தையும் சேர்த்து, மணிக்கு எத்தனை டன் வெளியேறுகிறது என்று விஞ்ஞானிகள் கணக்கு போடுகிறார்கள்.

ஐரோப்பாவின் 'சென்டினல்-5பி' செயற்கை கோள் 2017-ல் ஏவப்பட்டது. தினமும் உலகம் முழுவதையும் பார்த்து விடும். ஆனால் கொடுங்கையூரும் வியாசர்பாடியும் அதற்கு ஒரே புள்ளிதான். கனடாவின் 'ஜிஎச்ஜிசாட்' செயற்கை கோள்களோ 25 மீட்டர் அளவுக்குக் கிட்டத்தில் பார்க்கும். மேகம் மூடினால் மட்டும் இரண்டுமே ஒன்றும் செய்ய முடியாது.

மும்பையில் அதிர்ச்சி

இந்த இரண்டையும் வைத்து மும்பை, டெல்லி, லாகூர், பியூனஸ் அயர்ஸ் நகரங்களை ஆராய்ந்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். மும்பையில் ஒரே ஒரு குப்பை கிடங்கில் இருந்து மட்டும் மணிக்கு சுமார் 10 டன் மீத்தேன் வெளியேறியது. இந்த நகரங்களின் மொத்த மீத்தேன், ஏற்கனவே போட்டு வைத்திருந்த கணக்கை விட 1.4 முதல் 2.6 மடங்கு வரை அதிகமாக இருந்தது.

நமக்கு என்ன?

கொடுங்கையூரில் 60 லட்சம் டன்னுக்கு மேல் தேங்கிய பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் 'பயோமைனிங்' வேலையை மாநகராட்சி தொடங்கி உள்ளது. ஆனால் ஒரு பக்கம் அள்ள அள்ள, மறுபக்கம் மக்கும் குப்பை வந்து விழுந்தால் மீத்தேன் நிற்காது. வீட்டிலேயே ஈரக்குப்பையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதை மறுபடியும் ஒன்றாகக் கலக்காமல் லாரியும் கொண்டு போக வேண்டும்.

மும்பைக்குப் போட்ட கணக்கை கொடுங்கையூருக்கும் போட்டு, எவ்வளவு வாயு வருகிறது என்று அங்கு குடியிருக்கும் ஜனங்களுக்குச் சொன்னால் என்ன? அந்த காற்றை சுவாசிப்பவர்கள் அவர்கள்தானே!